சன்னல் இல்லாத அறை: உல்லாசக் கப்பலில் உள்ளறையைத் தேர்ந்தெடுத்தல்

உல்லாசக் கப்பலில் ஒரே நாளில் ஏறி, ஒரே உணவுக்கூடத்தில் உண்டு, ஒரே துறைமுகங்களில் இறங்கி ஏறும் இரு பயணிகளின் கட்டணங்களுக்கிடையே இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும் என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் உறங்கும் அறையே. அறைகள் பொதுவாக நான்கு வகைப்படும். கப்பலின் பக்கச் சுவரைத் தொடாமல் நடுப்பகுதியில் சன்னலின்றி அமைந்திருப்பது உள்ளறை. முன்பதிவுத் தளங்களில் இது 'இன்டீரியர்' அல்லது 'இன்சைட்' என்று குறிக்கப்படுகிறது. பக்கச் சுவரை ஒட்டி, திறக்க முடியாத கண்ணாடி வழியே வெளியைக் காட்டுவது கடல்நோக்கு அறை. நாற்காலி போட்டு அமரத்தக்க திறந்த மாடம் உடையது பால்கனி அறை. இவற்றைக் காட்டிலும் விசாலமாக, தனி உபசரிப்புகளுடன் விற்கப்படுவது சூட். இந்நான்கில் மலிவான உள்ளறையைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. காசு கொடுத்து இருட்டில் அடைபடுவது வீண் என்பது ஒன்று. தூங்குவதற்கு மட்டும் பயன்படும் அறைக்குச் சன்னல் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டும் 'உள்ளறை' என்பதை ஒரே பொருளாகக் கொள்கின்றன. உண்மையில் ஒரே கப்பலில் ஒரே கட்டணத்துக்குக் கிடைக்கும் இரண்டு உள்ளறைகளுக்கிடையே, அவை எந்தத் தளத்தில், எதற்கு மேலே, எதற்குக் கீழே, எந்த முனைக்கு அருகே உள்ளன என்பதைப் பொறுத்து, ஓர் உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் உள்ளதைவிடப் பெரிய வேறுபாடு இருக்க முடியும்.

உள்ளறை ஏன் இருக்கிறது என்பதற்குக் கப்பலின் அகலமே விடை. தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு ஓரளவு அறிமுகமான 'எம்ப்ரஸ்' கப்பலை எடுத்துக்கொள்ளலாம். 1990ஆம் ஆண்டு பிரான்சின் சென் நசேர் கப்பல்தளத்தில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டி முடிக்கப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்தின் கீழ் நெடுங்காலம் ஓடிய இக்கப்பல், 2021இல் கார்டீலியா நிறுவனத்தின் வழியாக மும்பைக்கு வந்தது. தென்மேற்குப் பருவமழையால் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு மாறி, 2022 ஜூன் முதல் சென்னையிலிருந்தும், 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கும் பயணிகளை ஏற்றிச் சென்றது. இதன் நீளம் சுமார் 211 மீட்டர். அகலம் சுமார் 31 மீட்டர். இந்த அளவுள்ள ஒரு கப்பலில் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி ஐந்தைந்து மீட்டர் ஆழத்தில் வெளியறைகளை அமைத்து, அவற்றை அடுத்து இரண்டு நீண்ட நடைவழிகளை விட்டாலும், நடுவே ஏறத்தாழ 18 மீட்டர் அகலத்தில் வெளிச்சம் எட்டாத ஒரு பட்டை எஞ்சுகிறது. மாடிப்படி, மின்தூக்கி, துணி அடுக்கும் அறை, காற்றுக்குழாய்த் தண்டு ஆகியவை இந்தப் பட்டையில்தான் இடம்பெறுகின்றன. அவை போக மிஞ்சும் இடத்தை வெறுமனே விட்டுவைக்க எந்தக் கப்பல் முதலாளிக்கும் மனம் வராது என்பதால், அங்கே முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள் எழுகின்றன. மேலும் 'நார்டிக் எம்ப்ரஸ்' மூன்று நான்கு இரவுகள் மட்டுமே நீளும் குறும்பயணங்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட கப்பல். நெடும்பயணக் கப்பல்களோடு ஒப்பிட அதன் அறைகள் எல்லா வகையிலும் சிறியவை. இதை அறியாமல் அமெரிக்கப் பெருங்கப்பல்களின் படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஏறுபவர் ஏமாற்றமடைவது இயல்பு.

பயணிக் கப்பல்களின் வரலாற்றில் சன்னலுக்கான போராட்டம் பழையது. நீராவிக் கப்பல்களில் மலிவுக் கட்டணப் பயணிகளுக்கு உள்ளறையே விதியாக இருந்தது. குளிரூட்டும் வசதி இல்லாத அந்நாளில், வெப்பக் கடல்களில் அந்த அறைகளில் காற்று ஓட்டமின்றி வாடுவது பெருந்துன்பம். லிவர்பூலிலிருந்து கொழும்பு வழியாக ரங்கூனுக்கு ஓடிய பிப்பி நிறுவனக் கப்பல்களின் வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு சாதுரியமான தீர்வைக் கையாண்டனர்: உட்புறத்து அறையிலிருந்து, பக்கத்து வெளியறையை ஒட்டியபடி ஓர் ஆள் செல்லும் அளவுக்குக் குறுகிய சந்து ஒன்றைக் கப்பலின் சுவர்வரை நீட்டி, அதன் முனையில் ஒரு வட்டச் சன்னலைப் பொருத்தினர். 'எல்' எழுத்து வடிவில் அமைந்த அந்த அறைக்குப் 'பிப்பி கேபின்' என்ற பெயரே நிலைத்தது. குளிரூட்டி வந்தபின் காற்றுக்காகச் சன்னல் தேவைப்படவில்லை. காட்சிக்காக மட்டும் தேவைப்பட்டது. 1984இல் இளவரசி டயானா பெயர்சூட்டிய 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் பயணிகளின் எல்லா அறைகளும் வெளியறைகளாகவே அமைக்கப்பட்டன. அதன்பின் பால்கனி என்பது அரிய ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து இறங்கி, இன்றைய பெருங்கப்பல்களில் மிகுதியான அறைகளின் பொதுவான கூறாகிவிட்டது. 2015இல் சேவைக்கு வந்த 'வைகிங் ஸ்டார்' போன்ற கப்பல்களில் உள்ளறை என்ற வகையே கிடையாது. எனவே உள்ளறையை விரும்பித் தேடுபவருக்குப் பழைய கப்பல்களிலும் குடும்பப் பயணங்களுக்கான பெருங்கப்பல்களிலும்தான் தெரிவு அதிகம்.

கட்டணம் குறைவு என்பதால் அறையின் உட்பொருள்களும் மட்டமாக இருக்கும் என்ற எண்ணம் தவறானது. இக்காலக் கப்பல் அறைகள் கப்பலுக்குள் செங்கல் செங்கல்லாகக் கட்டப்படுவதில்லை. பின்லாந்தின் பீக்கியோ போன்ற ஊர்களிலுள்ள தொழிற்சாலைகளில், குளியலறை, குழாய், மின்கம்பி, அலமாரி உட்பட முழு அறையாகச் செய்யப்பட்டு, கட்டுமானத்திலிருக்கும் கப்பலின் பக்கவாட்டிலிருந்து உள்ளே தள்ளிப் பொருத்தப்படுகின்றன. எனவே ஒரே கப்பலின் உள்ளறைக்கும் கடல்நோக்கு அறைக்கும் குளியலறை, மெத்தை, அலமாரி ஆகியவற்றில் பெரும்பாலும் வேறுபாடு காண முடியாது. பரப்பில் உள்ளறை ஏறத்தாழ 120 முதல் 190 சதுர அடிவரை இருக்கும். கடல்நோக்கு அறை அதைவிடச் சற்றே பெரிதாக இருக்கலாம், சில கப்பல்களில் இரண்டும் ஒரே அளவாகவும் இருக்கும். உணவுக்கூடம், நீச்சல்குளம், அரங்கு ஆகியவற்றில் அறை வகை பார்த்து எவரும் நிறுத்தப்படுவதில்லை. சூட் பயணிகளுக்கென ஒதுக்கிய சில பகுதிகள் மட்டுமே விதிவிலக்கு. இன்னொரு கணக்கையும் இங்கே கூட்டிப்பார்க்க வேண்டும். துறைமுக வரி, ஊழியர்களுக்கான நாள்படி அன்பளிப்பு, இணையக் கட்டணம், கரைச் சுற்றுலா ஆகியவை உள்ளறைக்காரருக்கும் பால்கனிக்காரருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குப் பாதி மிச்சம் என்று விளம்பரம் சொன்னாலும், வீடு திரும்பும்போது கைவிட்டுச் சென்ற மொத்தத் தொகையில் அந்த மிச்சத்தின் பங்கு கணிசமாகச் சுருங்கியிருக்கும்.

உள்ளறையின் மெய்யான இழப்பு வெளிச்சம். கதவை மூடி விளக்கை அணைத்தால் அங்கே நிலவும் இருள், நகரத்து வீடுகளில் வாழ்பவர்கள் ஒருபோதும் அறிந்திராத முழு இருள். காலை ஆறு மணிக்கும் நள்ளிரவு இரண்டு மணிக்கும் அங்கே வேறுபாடில்லை. மனித உடலின் உறக்க விழிப்புச் சுழற்சி கண்ணில் விழும் பகலொளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்வதால், அவ்வொளி கிடைக்காதபோது சிலர் காலை உணவு நேரம் கடந்தபின்னும் எழாமல் உறங்குகின்றனர். சிலர் நடு இரவில் விழித்து, விடிந்துவிட்டது என்று குளிக்கத் தொடங்குகின்றனர். இதற்குக் கப்பலிலேயே ஓர் எளிய மாற்று உண்டு. பெரும்பாலான கப்பல்களின் அறைத் தொலைக்காட்சியில், மாலுமிகள் கப்பலைச் செலுத்தும் மேடையிலுள்ள ஒளிப்படக் கருவியின் காட்சியை இடைவிடாது காட்டும் ஓர் அலைவரிசை இருக்கும். ஒலியை அடைத்துவிட்டு இரவில் அதை ஓடவிட்டால், விடியும்போது திரை தானாகவே வெளுத்து அறைக்குள் மெல்லிய ஒளியைப் பரப்பும். எழுந்து குளியலறைக்குச் செல்லும் முதியவர்கள் தடுமாறாதிருக்கச் சிறிய மின்கல விளக்கு ஒன்றை எடுத்துச்செல்வது நல்லது. அறைச் சுவர்கள் பெரும்பாலும் உலோகத் தகட்டால் ஆனவை என்பதால், காந்தக் கொக்கியுடன் கூடிய விளக்கு அதற்கு மிகப் பொருந்தும்.

அதே இருள் சில வழித்தடங்களில் பெரும்பேறாகவும் மாறுகிறது. நார்வேயின் வடகோடியை ஒட்டிய நார்த் கேப் பகுதியில் மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதே இல்லை. அக்காலத்தில் அங்கே செல்லும் கப்பலில், கடல்நோக்கு அறைக்காரர்கள் திரைச்சீலையின் ஓரத்தில் கசியும் நள்ளிரவு வெயிலோடு போராடிக்கொண்டிருக்க, உள்ளறைக்காரர் இரவைத் தம் விருப்பப்படி உண்டாக்கிக்கொள்கிறார். ஆனால் அத்தகைய பயணத்தில், அறைக்குள்ளிருந்தபடியே மலையிடுக்குகளைக் காணப் பால்கனி அவசியம் என்பதே விற்பனையாளர்களின் வழக்கமான வாதம். இவ்வாதம் ஓரளவுக்கே செல்லும். பால்கனி கப்பலின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். மேல்தளமோ இரு பக்கங்களையும் முன்புறத்தையும் சேர்த்துக் காட்டும். அலாஸ்காவின் பனிப்பாறைகளின் முன்னே கப்பல்கள் நின்று மெல்லச் சுழன்று இரு பக்கத்தாருக்கும் காட்சி தருவது வழக்கம் என்றாலும், அந்நேரத்தில் அனுபவமுள்ள பயணிகள் பால்கனியை விட்டு மேல்தளத்துக்கே ஏறுகின்றனர். குளிரில் நெடுநேரம் நிற்க இயலாத முதியவர்களுக்கு மட்டும் இக்கணக்கு மாறும். அவர்களுக்குப் பால்கனி கொடுக்கும் காசுக்குத் தகும்.

கடலின் அசைவு பற்றிய அச்சமே இந்தியப் பயணிகளை உள்ளறையிலிருந்து விலக்கும் முதன்மைக் காரணமாகத் தெரிகிறது. சன்னல் இல்லாத அறையில் குமட்டல் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு உடல் ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்ல, அசையாத சுவர்களைப் பார்க்கும் கண்கள் ஆடவில்லை என்று சொல்லும்போது எழும் முரண்பாடே கடற்பயணக் குமட்டலுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. தொடுவானத்தைப் பார்ப்பவரின் கண் அந்த ஆட்டத்தை ஒப்புக்கொள்வதால் முரண் தணிகிறது. தொடுவானம் உள்ளறையில் இல்லை. ஆனால் அறையின் இடம் இந்தக் குறையை ஈடுசெய்யும் அளவுக்கு வலிமை வாய்ந்தது என்பதை வடிவக்கணக்கு காட்டுகிறது.

கப்பல் பல விதங்களில் அசைந்தாலும் பயணியை வருத்துபவை முக்கியமாக இரண்டு. இடமும் வலமுமாகச் சாய்வது உருளல்; கரையோர மீனவர்கள் அணியம் என்று வழங்கும் முன்முனையும் அமரம் என்று வழங்கும் பின்முனையும் மாறிமாறி எழுந்து அமிழ்வது முன்பின் ஊசல். சீசாப் பலகையைப் போலவே இவ்விரு அசைவுகளிலும் நடு அச்சுக்கு அருகே இருப்பவர் குறைவாகவும் விளிம்பில் இருப்பவர் மிகுதியாகவும் ஆட்டப்படுகின்றனர். 31 மீட்டர் அகலமுள்ள கப்பல் ஒரு பக்கமாக 5 பாகை சாய்ந்தால், பக்கச் சுவரை ஒட்டிய படுக்கை நிலையான மட்டத்திலிருந்து சுமார் 1.3 மீட்டர் இறங்குகிறது அல்லது ஏறுகிறது. நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள உள்ளறைப் படுக்கையோ கால் மீட்டர் அளவே நகர்கிறது. இது உள்ளறைக்கு இயல்பாகவே வாய்த்த நன்மை. ஆனால் முன்பின் ஊசலில் நிலைமை வேறு. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் முன்முனை 2 பாகை எழும்போது, நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளியுள்ள அறை சுமார் மூன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டுப் பின் இறக்கப்படுகிறது. அங்கே உள்ளறை, வெளியறை என்ற பாகுபாட்டுக்குப் பொருளே இல்லை. கப்பலின் பக்கங்களிலிருந்து நீருக்குள் நீளும் நிலைப்படுத்தும் துடுப்புகள் உருளலை வெகுவாகத் தணிக்கின்றன. ஆனால் முன்பின் ஊசலை அவற்றால் அடக்க இயலாது. உயரமும் கணக்கில் வர வேண்டும், ஏனெனில் மேல்தள அறைகள் உருளலின்போது பக்கவாட்டில் நெடுந்தொலைவு வீசப்படுகின்றன. ஆகவே குமட்டலுக்கு அஞ்சுபவருக்கு, நீளவாக்கில் நடுவிலும் உயரத்தில் கீழ்த்தளத்திலும் அமைந்த உள்ளறை, மேல்தளத்தின் முன்முனையிலுள்ள விலையுயர்ந்த பால்கனி அறையைவிடப் பாதுகாப்பானது. குமட்டல் தொடங்கிவிட்டால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வதோ திறந்த தளத்துக்குச் சென்று தொடுவானத்தை நோக்குவதோ உதவும். விளக்கைப் போட்டு அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பதே செய்யக்கூடாதது.

இரைச்சல் பற்றிய ஆய்வுக்குத் தள வரைபடம் வேண்டும். ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் ஒவ்வொரு தளத்தின் அறை எண்களையும் பொது இடங்களையும் காட்டும் வரைபடத்தை வெளியிடுகிறது. முன்பதிவுக்குமுன் அதைத் திறந்து பார்ப்பவர் பலர், ஆனால் தமக்குரிய தளத்தை மட்டுமே பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது மேலும் கீழும் உள்ள தளங்களை. அறைக்கு மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால், விடியற்காலையில் ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஒலி கூரையில் இறங்கும். மேலே பஃபே உணவகம் இருந்தால் தள்ளுவண்டிகளின் சக்கரங்கள். கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு கடந்தும் தாளத்தின் அதிர்வு. கீழ்த்தள முன்முனையில் நங்கூரச் சங்கிலியும், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் த்ரஸ்டர் எனப்படும் சுழலிகளும் அதிகாலையில் முழங்கும். பின்முனையில் இயந்திரங்களின் நடுக்கம் சுவர்களில் ஓடும். மின்தூக்கிக் கூடத்துக்கு நேரெதிரே உள்ள அறைகளில் பேச்சொலி ஓயாது. பக்கத்து அறையோடு இணைக்கும் கதவுள்ள அறைகள் குடும்பங்களுக்கு வசதியானவை. அறிமுகமில்லாதவர் பக்கத்தில் தங்கினால், அவர்களுடைய தொலைக்காட்சியையும் சேர்த்துக் கேட்க வேண்டிவரும். வரைபடத்தில் பெயரிடாமல் வெறுமையாக விடப்பட்ட இடங்கள் வெற்றிடங்கள் அல்ல. அவை பெரும்பாலும் ஊழியர்களின் பணியிடங்கள், சமையல் பகுதிகள், பொருளறைகள் என்பதால், அவற்றின் அண்டையில் கதவுகள் இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கக்கூடும். மேலும் கீழும் அறைகளே நிறைந்த தளங்களுக்கு நடுவே அமைந்த அறை, மின்தூக்கிக்கு ஏழெட்டுக் கதவுகள் தள்ளியிருந்தால், அதுவே சிறந்தது.

இந்த இடத்தில்தான் மலிவின் மேல் மலிவு தேடுபவர் சறுக்குகிறார். 'கேரண்டி' என்ற பெயரில் விற்கப்படும் அறைகளில், பயணி வகையை மட்டும் தேர்ந்தெடுக்க, எந்த எண்ணுள்ள அறை என்பதை நிறுவனம் பின்னர் தீர்மானித்து அறிவிக்கும். அதே வகையிலோ அதற்கு மேலான வகையிலோ அறை கிடைக்கும் என்பது மட்டுமே உறுதி. பால்கனி அறையை இவ்வாறு வாங்குவதில் பெரும் இழப்பில்லை, ஏனெனில் எங்கே அமைந்தாலும் அதற்குக் காற்றும் ஒளியும் உண்டு. உள்ளறைக்கு இருக்கும் ஒரே மேன்மை அதன் இடம். அதையும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டுச் சிறு தொகையை மிச்சப்படுத்துவது சரியான பேரமாகத் தெரியவில்லை. விரும்பிக் கேட்டு வாங்கியவர்கள் நல்ல அறைகளை எடுத்துக்கொண்டபின், கேரண்டிக்காரர்களுக்கு எஞ்சுவது முன்முனையும் பின்முனையும் நடன அரங்கின் மேற்புறமுமாக இருப்பதில் வியப்பில்லை. பட்டியலில் உள்ளறைக்குச் சற்றே மேலாக, 'மறைக்கப்பட்ட காட்சி' என்ற குறிப்புடன் மலிவாக விற்கப்படும் கடல்நோக்கு அறைகளையும் கவனிக்கலாம். சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குவதால் கடல் தெரியாது, ஆனால் பகலொளி வரும். காட்சி வேண்டாம், விடிவது தெரிந்தால் போதும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

கப்பல் கட்டுபவர்களும் சன்னலற்ற அறைக்கு ஒரு சன்னல் தேடிக்கொண்டே இருந்தனர். ஹெல்சிங்கிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே ஓடுவதற்காக 1990இல் வந்த 'சில்யா செரனேட்' கப்பலின் நடுவே, கடைகள் வரிசையாக அமைந்த நீண்ட வீதி ஒன்று பல தள உயரத்துக்குத் திறந்துவிடப்பட்டு, உள்ளறைகளின் சன்னல்கள் அவ்வீதியை நோக்கி வைக்கப்பட்டன. அதே பின்லாந்தின் துர்க்கு நகரில் 1999இல் கட்டி முடிக்கப்பட்ட ராயல் கரீபியனின் 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' இவ்வமைப்பைப் பெரிதாக்கிப் பின்பற்றியது. 2009இல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நடுவே வானம் திறந்த பூங்காவே அமைந்து, அதை நோக்கிய பால்கனிகளும் வந்தன. 2011இல் 'டிஸ்னி டிரீம்' வேறு வழியை எடுத்தது. கப்பலின் வெளிப்புறத்தில் பொருத்திய ஒளிப்படக் கருவிகள் அனுப்பும் நேரலைக் கடற்காட்சியை உள்ளறைச் சுவரிலுள்ள வட்டத் திரை காட்ட, அவ்வப்போது டிஸ்னியின் சித்திரப் பாத்திரங்கள் அதன் குறுக்கே கடந்து போயின. குழந்தைகள் மெய்யான சன்னலைவிட இதையே விரும்பினர் என்பதை நம்புவது கடினமல்ல. 2014இல் வந்த 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலின் உள்ளறைகளில் தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த 80 அங்குலத் திரை, பால்கனியின் தோற்றத்தில் கடலைக் காட்டியது. சிங்கப்பூரிலிருந்தும் ஓடிய கப்பல் என்பதால், சென்னையிலிருந்து விமானத்தில் சென்று அங்கே கப்பலேறும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு இந்தத் திரைப் பால்கனி பழக்கமானதே. திரையை அணைத்துக்கொள்ளலாம் என்பது, அசையும் காட்சியால் தலைசுற்றுபவர்களுக்கு ஆறுதல்.

சன்னலின்மை வெறும் வசதிக்குறைவாக இல்லாமல் துன்பமாகவே மாறிய நிகழ்ச்சிகளும் பதிவில் உள்ளன. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் டிரையம்ப்' கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றி மின்சாரம் போனபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் அக்கப்பல் அலபாமாவின் மொபீல் துறைமுகத்துக்கு இழுத்துவரப்படும்வரை நான்கு நாள்கள் கழிந்தன. காற்றும் ஒளியும் அற்றுப்போன உள்ளறைகளை விட்டுப் பயணிகள் மெத்தைகளோடு நடைவழிகளுக்கும் திறந்த தளங்களுக்கும் குடிபெயர்ந்தனர். 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் ஏறத்தாழ 3,700 பேருடன் 'டயமண்ட் பிரின்சஸ்' தனிமைப்படுத்தப்பட்டபோது, உள்ளறைவாசிகளுக்கு வெளியுலகம் என்பது, கண்காணிப்பில் தளத்தில் நடக்க அனுமதிக்கப்பட்ட குறுகிய நேரம் மட்டுமே. 80 வயதைக் கடந்தவர்களில் நோயுள்ளோரையும் சன்னலற்ற அறைகளில் இருந்தோரையும் முதலில் கரையிறக்க ஜப்பானிய அரசு முன்வந்தது, சன்னலுக்கு ஒரு மருத்துவ மதிப்பும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டதற்குச் சமம். ஆனால் இவை அரிதினும் அரிதான நிகழ்ச்சிகள். இவற்றுக்காக ஒவ்வொரு பயணத்திலும் பால்கனிக்குப் பணம் கட்டுவது மிகையான எச்சரிக்கை. பால்கனியும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று: 2006 மார்ச்சில் ஜமைக்காவுக்கு அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில் பரவிய தீ ஒரு பால்கனியில்தான் தொடங்கியது.

பாதுகாப்பில் உள்ளறைவாசி கூடுதலாகச் செய்ய வேண்டியது ஒன்றே: வெளியேறும் வழியைக் கால்களுக்குப் பழக்கிவைப்பது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் முதன்முதலாக எழுதப்பட்டு, 1974இன் வடிவில் இன்று நடைமுறையிலுள்ள கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, ஆபத்துக்காலத்தில் கூட வேண்டிய இடத்தைப் பயணிகளுக்குப் பயிற்றுவிக்கும் ஒத்திகையைக் கட்டாயமாக்குகிறது. முன்பு கப்பலேறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரியில் 'கோஸ்டா கான்கார்டியா' இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபின், புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்டவுடனேயோ நடத்த வேண்டும் என்று விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியுள்ள வழிக்குறிப்பைப் படிப்பதோடு நில்லாமல், அறையிலிருந்து அருகிலுள்ள மாடிப்படிவரை எத்தனை கதவுகள் என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் உள்ளறைகளின் நடைவழிகளில் எந்தப் பக்கம் முன்முனை என்பதை உணர்த்தும் அடையாளம் ஏதும் இராது; பகலில்கூடப் பலர் எதிர்த்திசையில் நடந்துவிடுகின்றனர்.

கப்பலில் சன்னலின்றி வாழ்பவர்கள் மலிவுக் கட்டணப் பயணிகள் மட்டுமல்லர். அறையைத் துப்புரவு செய்பவரும் உணவு பரிமாறுபவரும், இந்தியரும் பிலிப்பினோக்களும் இந்தோனேசியருமாக, தமிழரும் அவர்களுள் சிலராக, பல மாத ஒப்பந்தக் காலம் முழுவதும் கீழ்த்தளங்களில் பெரும்பாலும் சன்னலற்ற சிற்றறைகளில் இருவர் இருவராகத் தங்குகின்றனர். கடற்பணியாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு பன்னாட்டு ஒப்பந்தம், சரக்குக் கப்பல்களில் நீர்மட்டக் குறிக்குக் கீழே உறக்க அறைகள் கூடாது என்று பொதுவாக விதித்தாலும், பயணிக் கப்பல்களுக்கு, வெளிச்சமும் காற்றோட்டமும் போதிய அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, விலக்கு அளிக்கிறது.

யாருடன் பயணம் என்பதும் தேர்வை மாற்றும். சென்னையிலிருந்து இரண்டு மூன்று இரவுகள் மட்டும் செல்லும் பயணத்தில், பகலெல்லாம் மேல்தளங்களிலும் இரவெல்லாம் அரங்குகளிலும் கழிக்கும் இளையோருக்கு உள்ளறை போதுமானது. நான்கு பேர் ஒரே உள்ளறையில் என்றால், கூரையிலிருந்து மடங்கி இறங்கும் மேல்படுக்கைகள் இரவில் அறையின் வெளியையே விழுங்கிவிடும். அதே செலவில் எதிரெதிரே இரண்டு உள்ளறைகள் கிடைக்குமா என்று பார்ப்பது அறிவுடைமை. பிற்பகலில் ஒரு மணி நேரம் படுத்தெழும் பழக்கமுள்ள முதிய பெற்றோரை நெடும்பயணத்தில் உள்ளறையில் தங்கவைப்பதற்குமுன் அவர்களிடம் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் செலவைக் குறைப்பதற்காக 'எந்த அறையானாலும் சரி' என்று அவர்கள் சொல்லும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியே செல்பவரின் நிலை இன்னும் கடினம், ஏனெனில் அறிவிக்கப்படும் கட்டணம் இருவர் தங்கும் அறையில் தலைக்கு இவ்வளவு என்பதால், தனி ஒருவர் இருவரின் கட்டணத்தையும் செலுத்த நேரிடலாம்; மலிவான உள்ளறையில் அந்த இரட்டிப்பின் வலி குறைவு. 2010இல் 'நார்வீஜியன் எபிக்' கப்பல் தனிப் பயணிகளுக்கென்றே சுமார் 100 சதுர அடியில் 128 சிற்றறைகளை, நடைவழியை நோக்கிய ஒருவழிக் கண்ணாடிச் சன்னலுடன் அமைத்தது இத்தேவையை உணர்ந்தே.

அறையைத் தேர்ந்து, எண்ணையும் உறுதிசெய்தபின் ஒரு கடைசிச் சோதனை காத்திருக்கிறது. புறப்படும் நாள் நெருங்கும்போது, விற்காத மேல்வகை அறைகளை நிரப்புவதற்காக, கூடுதலாக எவ்வளவு தர இயலும் என்று ஏலம் கேட்கும் மின்னஞ்சல்களைச் சில நிறுவனங்கள் அனுப்புகின்றன. ஏலத்தில் வென்றால் வகை உயரும். ஆனால் புதிய அறையின் இடத்தைத் தீர்மானிப்பது நிறுவனம், வென்றபின் மறுக்கவும் இயலாது. நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில், அறைகளுக்கு நடுவே அமைதியான உள்ளறை ஒன்றைப் பார்த்துப் பார்த்து எடுத்தவர், கூடுதல் பணமும் கட்டி, நங்கூரச் சங்கிலிக்கு அருகிலுள்ள முன்முனைக் கடல்நோக்கு அறைக்கு மாற்றப்படுவது நடக்கக்கூடியதே. பால்கனியைவிடக் குறைவான எதற்கும் ஏலம் கேட்காமலிருப்பது அத்தகையோருக்கு நல்லது.